கூலி, கைக்கூலி, கூலிப்படை

எங்கட வீடுகளில் ‘கூலி’ என்ற சொல் எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். ஜனாஸா வீட்டில் ஓடியாடி உதவி செய்தவரிடம் “அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்” என்கிறோம். வேலியடைக்க வந்தவரிடம் “கூலி எவ்வளவு கேக்கிறீங்க?” என்கிறோம். மாப்பிள்ளை பேசிவிட்டு வந்தவர்களிடம், குரலைத் தாழ்த்தி, “கைக்கூலி எவ்வளவாம்?” என்கிறோம். அரசியல் பேச்சில் பிடிக்காத ஒருவரை, இப்போது குரலை உயர்த்தி, “கைக்கூலி” என்று ஏசுகிறோம். ஒரே சொல்தான். துஆவிலும் இருக்கிறது, தொழிலிலும் இருக்கிறது, கல்யாணத்திலும் இருக்கிறது, வசையிலும் இருக்கிறது.

இக்கட்டுரை அந்த வசையைப் பற்றியது. அதோடு சேர்த்து, அதன் மூத்த சகோதரமான ‘கூலிப்படை’ என்ற சொல்லைப் பற்றியது. நமது வரலாற்றுக் கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்தச் சொல் மிக இலகுவாக வந்து விழுகிறது. பொலன்னறுவையின் வேளைக்காரர் கூலிப்படை; ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் பணியாற்றிய மலாயர் கூலிப்படை; கிழக்கின் ஊர்காவல் படையினரும் ஒரு காலத்தில் சிலருக்குக் கூலிப்படை. எழுதியவர் அத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார். வாசகரும் மேலே எதையும் கேட்பதில்லை. என்னுடைய வாதம் இதுதான்: பெரும்பாலான இடங்களில் இந்தச் சொல் ஒரு விவரணை அல்ல, ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வாங்கிய கையைக் காட்டுகிறது. கொடுத்த கையை மறைத்துவிடுகிறது.

கூலி இழிவா?

முதலில் சொல்லைச் சுத்தப்படுத்திக்கொள்வோம். தமிழில் கூலி இழிந்த சொல்லாகப் பிறக்கவில்லை. வள்ளுவர் அதை உடல் வருந்தி உழைத்தவனுக்குக் கிடைக்கும் பயன் என்ற கௌரவமான பொருளில் ஆள்கிறார். அதைத் தாழ்த்தியது பிற்காலம். குறிப்பாகக் காலனித்துவ ஆட்சி மனிதர்களையே ‘கூலி’ என்று பெயர் சொல்லி அழைத்துத் தோட்டங்களுக்கு ஏற்றி இறக்கிய காலம்.

நமது மார்க்க மரபிலும் அது தாழ்ந்த சொல்லல்ல. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்ந்தார்கள் என்பதை ஸூரத்துல் கஸஸ் சொல்கிறது. எட்டு வருடம், விரும்பினால் பத்து வருடம் என்று உடன்படிக்கையும் உண்டு. கூலிக்கு அமர்த்தப்படுபவரிடம் இருக்கவேண்டிய தகுதிகளாக அங்கே சொல்லப்படுபவை இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஜும்ஆ மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இங்கே விசாரிக்கப்படுபவன் வாங்குகிறவன் அல்ல, கொடுக்கவேண்டியவன். இந்த நோக்கு நமக்கு மேலே தேவைப்படும்.

அப்படியானால் கூலி எங்கே கெடுகிறது? சங்க இலக்கியம் படித்தவர்களுக்குப் பெருஞ்சித்திரனாரின் புறநானூற்றுப் பாட்டு நினைவிருக்கும். அதியமானிடம் பரிசில் வேண்டி மலையும் காடும் கடந்து போகிறார் புலவர். அதியமானோ அவரை நேரில் பாராமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் மறுத்துவிடுகிறார். என்னைக் காணாமலே தந்த பொருளை எடுத்துப்போக நான் வணிகனா என்பது அவர் கேள்வியின் சாரம். பரிசில் வாங்குவது அவருக்கு இழிவாகத் தெரியவில்லை. அவர் வாழ்வதே பரிசிலால்தான். கொடுப்பவன் தன்னை ஓர் ஆளாகக் காணவில்லை என்பதே அவருக்கு இழிவு. கூலிக்கும் கூலித்தனத்துக்கும் இடையிலான கோட்டை இதைவிடத் தெளிவாகப் போட்ட தமிழ்ப் பாட்டு எனக்குத் தெரியவில்லை.

சர்வதேசச் சட்டம் வேறொரு கோடு போட்டது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக நெறிமுறை, 47ஆம் உறுப்புரையில், கூலிப்படையாள் யார் என்று வரையறுக்கிறது. மோதலில் ஈடுபட்ட நாட்டின் குடிமகனாக இருக்கக்கூடாது, தனிப்பட்ட இலாப ஆசையே முக்கிய தூண்டுதலாக இருக்கவேண்டும், அதே தரத்திலுள்ள படைவீரனைவிடக் கணிசமாகக் கூடுதலான பணம் கிடைத்திருக்கவேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டுள்ளன. அத்தனையும் ஒருசேரப் பொருந்தவேண்டும். ஒருவனின் மனதுக்குள் இருக்கும் தூண்டுதலை எந்த நீதிமன்றம் எப்படி நிரூபிப்பது? அதனால்தான் சட்டத்தில் இவ்வளவு அபூர்வமாகப் பொருந்தும் சொல், மேடையில் இவ்வளவு தாராளமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது சந்தேகம் வருகிறது.

இருவர் பார்த்த விதம்

கூலிப்படைகளைப் பற்றிப் பேசும் எவரும் மாக்கியவெல்லியிடம் போவார்கள். ‘இளவரசன்’ நூலின் 12ஆம் அத்தியாயத்தில் அவர் கூலிப்படைகள் பயனற்றவை, ஆபத்தானவை என்கிறார். கொஞ்சச் சம்பளத்தைத் தவிர அவர்களைக் களத்தில் நிறுத்தி வைக்கும் பற்று வேறொன்றும் இல்லை. அந்தச் சம்பளமோ உனக்காகச் சாகும் அளவுக்குப் போதாது என்பது அவர் கருத்து. இத்தாலிய நகரங்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த அறிவு அது. பிழை சொல்ல முடியாது.

ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய இப்னு கல்தூன் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். முகத்திமாவில் அவர் சொல்வது அரசனின் கதை. ஆட்சியை உண்டாக்குவது அஸபிய்யா எனும் கூட்டுணர்வு. ஆட்சி நிலைத்ததும் அரசன் தன்னோடு நின்று போராடிய சொந்த மக்களையே போட்டியாளராகப் பார்க்கத் தொடங்குகிறான்; அவர்களைத் தள்ளிவைக்கிறான்; அவர்களுடைய இடத்துக்கு மவாலிகளையும் வளர்ப்பு ஆட்களையும் கொண்டுவருகிறான். வெளியாள் படை என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. நோய் அரண்மனையில் இருக்கிறது. மக்ரிபின் முஸ்லிம் அரசர்கள் ஐரோப்பியக் கிறிஸ்தவ வீரர்களைத் தமது படையில் வைத்திருந்ததையும் அவர் குறிப்பிட்டு, அவர்கள் அணி குலையாமல் நின்று போரிடுபவர்கள் என்பதால்தான் அப்படி என்று நிதானமாகக் காரணம் சொல்கிறார். வசை ஒரு சொல்லும் இல்லை.

மாக்கியவெல்லி கூலி வாங்கியவனை நம்பாதே என்கிறார். இப்னு கல்தூன் கூலி கொடுத்தவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார். நமது வரலாற்று எழுத்து முதலாமவரின் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறது. மற்றக் கண்ணாடியையும் போட்டு இலங்கையைப் பார்ப்போம்.

அநுராதபுரமும் பொலன்னறுவையும்

அநுராதபுரத்தின் கடைசி மன்னன் ஐந்தாம் மகிந்தனின் கதை சூளவம்சத்தில் உள்ளது. குடிகள் வரி கொடுக்கவில்லை. மன்னனிடம் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. கேரளப் படையினர் அரண்மனையை வளைத்து, சம்பளம் வரும்வரை மன்னன் சாப்பிடக்கூடாது என்று மறித்தார்கள். மன்னன் தப்பி உறுகுணைக்கு ஓடினான். தலைநகர் குழம்பிக் கிடந்தது. 1017இல் சோழர் அவனைச் சிறைபிடித்தனர். ‘அந்நியக் கூலிப்படையின் துரோகம்’ என்று இதை ஒரு வரியில் முடிக்கலாம். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் கொடுக்காத ஒருவரின் வாசலில் வேலைக்காரர்கள் வந்து நின்றார்கள். சொந்தக் குடிகளின் நம்பிக்கையை இழந்த அரசனுக்கு வாங்கிய படையும் நிற்கவில்லை. இப்னு கல்தூன் சூளவம்சத்தைப் படிக்கவில்லை. படித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

வேளைக்காரரின் கதை இன்னும் சிக்கலானது. சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவிடமும் தமிழ் வேளைக்காரப் படை இருந்தது. சோழநாட்டின் மீது படையெடுக்க அவன் ஆணையிட்டபோது அவர்கள் போக மறுத்துக் கலகம் செய்தார்கள். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையை எரித்தார்கள். விஜயபாகு கலகத்தைக் கடுமையாக அடக்கினான். அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். காசுக்கு யாரையும் வெட்டுபவன்தான் கூலிப்படையாள் என்றால், சம்பளம் தரும் அரசன் போகச் சொன்ன இடத்துக்குத் தம் இனத்தாரை எதிர்த்துப் போக மறுத்தவர்களை எப்படி அந்தப் பெயரால் அழைப்பது? அவர்கள் கூலித்தனமாக நடந்திருந்தால் கப்பல் ஏறியிருப்பார்கள்.

விஜயபாகுவின் மறைவுக்குப் பின், பொலன்னறுவையில் தலதா ஆலயத்தின் பாதுகாப்பை இதே வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆலயத்தையும் அதன் உடைமைகளையும் பணியாட்களையும் காப்போம் என்ற உறுதிமொழி அது. வேறு மொழி பேசியவர்கள் இந்த நாட்டின் மிகப் புனிதமான பௌத்தச் சின்னத்துக்குக் காவல் நின்றார்கள் என்பதற்குக் கல்லிலேயே ஆவணம் உள்ளது. இன்று இதை எத்தனை பேர் மேடையில் சொல்கிறார்கள்? கலகம் மட்டும் நினைவிருக்கிறது; காவல் மறந்துவிட்டது.

ஒரு படை விற்கப்பட்ட விதம்

உண்மையான கூலிப்படை வியாபாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர் 1795க்குப் போகவேண்டும். சுவிஸ் நாட்டு நியூஷாத்தல் பகுதியைச் சேர்ந்த டி மியூரன் பிரபு 1781இல் ஒல்லாந்துக் கம்பனிக்காக ஒரு படையணியைத் திரட்டினார். அந்தப் படையணி சட்டப்படி அவருடைய சொத்து மாதிரி. நன்னம்பிக்கை முனையில் இருந்துவிட்டு அது கொழும்புக்கு வந்தது. இங்கே அதை நடத்தியவர் அவருடைய தம்பி. சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஆங்கில அரசின் ஆள், சுவிற்சர்லாந்தில் பிரபுவைச் சந்தித்துப் பேரம் பேசினார். படையணி பிரித்தானியர் பக்கம் மாறவேண்டும். பழைய சம்பள நிலுவையைப் பிரித்தானியா பொறுப்பேற்கும். செய்தி ஒரு பாற்கட்டிக்குள் ஒளித்துக் கொழும்புக் கோட்டைக்குள் அனுப்பப்பட்டது என்ற கதை இன்றும் ரசித்துச் சொல்லப்படுகிறது. படையணி பக்கம் மாறியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியரிடம் சரணடைந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பேரம் பேசிய பேராசிரியர் இலங்கையின் முதலாவது காலனித்துவச் செயலாளரானார். பிரபுவின் தம்பி 1797இல் இலங்கையின் இராணுவ ஆளுநரானார். படையணியோ இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைகளில் ஒன்றாக நின்றது. திப்பு சுல்தான் ஷஹீதான நாள் அது. ஒல்லாந்தருக்குச் சத்தியம் செய்த சுவிஸ் விவசாயி மகன், ஆங்கிலேயனின் காசுக்கு, மைசூரில் என்ன பகையைத் தீர்த்தான்? அவனிடம் யாரும் கேட்கவில்லை. பிரபு கையெழுத்திட்டார், அவன் நடந்தான். அந்தப் பிரபுவைத் துரோகி என்று எழுதிய பாடப்புத்தகத்தை நான் இதுவரை கற்பித்ததில்லை. அவருக்கு ‘இராஜதந்திரம்’ என்ற சொல் கிடைத்துவிட்டது.

மலாயருக்குக் கிடைத்த சொல்

இனி மலாயர். நமது சமூகத்துக்குள்ளேயே இருப்பவர்கள், ஆனால் நமது எழுத்துக்குள் மிகக் குறைவாக வருபவர்கள். ஒல்லாந்தர் அவர்களில் சிலரைக் கைதிகளாகவும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தாராகவும் கொண்டுவந்தனர். பலரைப் படைவீரர்களாகக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் அவர்களைச் சுவீகரித்து, பிற்காலத்தில் இலங்கை ரைபிள் படையணியாக ஆக்கினர். 1873இல் அந்தப் படையணி கலைக்கப்பட்டது.

1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தபோது அதில் மலாய்த் தலைவராக இருந்தவர் கப்டன் நூறுத்தீன். தென் சுலாவெசியின் கோவா அரச குடும்பத்தவர். கண்டி மன்னன் தன் சேவைக்கு வருமாறு கேட்டான். அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். அதே கோவா குடும்பத்தைச் சேர்ந்த சங்குங்லோ கண்டி மன்னனின் மலாய்ப் படைக்குத் தலைவராக எதிர்ப்பக்கத்தில் நின்றவர். குடும்பத்தின் நாட்டை ஒல்லாந்தன் பிடுங்கினான். அந்தக் குடும்பத்தவர்கள் அந்நிய நிலமொன்றில் இரண்டு அரசர்களுக்காக எதிரெதிரே நின்றார்கள். காசுக்காக நின்றிருந்தால் நூறுத்தீனுக்கு அன்று கண்டி மன்னனின் சம்பளம் காத்திருந்தது, உயிரும் மிஞ்சியிருக்கும். அவரைக் ‘கூலிப்படைத் தலைவர்’ என்று எழுதுகிறவர் இந்த மறுப்பை எந்தக் கணக்கில் வைக்கப்போகிறார்?

இதற்குள் ஓர் இலக்கியச் சங்கதியும் இருக்கிறது. பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா 1990இல் வெளியிட்ட ‘ஓராங் ரெஜிமென்’ என்ற ஆய்வு, இந்தப் படையணியின் குடியிருப்புகளுக்குள் ஓர் எழுத்துலகம் இருந்ததைக் காட்டியது. படைவீரர்கள் ஹிகாயத்துகளையும் ஷாயிர்களையும் ஜாவி எழுத்தில் பிரதியெடுத்தார்கள், பாடினார்கள், ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தார்கள். மலாயும் அறபுத்தமிழும் ஒரே பிரதிக்குள் கலந்து வரும் கையெழுத்தேடுகளும் உண்டு. 1869இல் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்திய பாபா யூனுஸ் சல்தீன் இந்தச் சூழலின் பிள்ளை. 1905இல் வெளிவந்த அவருடைய ‘ஷாயிர் ஃபைத் அல் அபாத்’ இலங்கை மலாயரின் வருகையையும் வாழ்வையும் செய்யுளில் சொல்கிறது. கூலிக்கு வந்தவன் தன் கதையைத் தானே எழுதிவைத்தான். நாம் அதைப் படிக்காமல் அவனுக்கு வேறொருவர் வைத்த பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைய கூலி

நமது காலத்துக்கு வந்தாலும் கொடுத்த கை மறைந்தே இருக்கிறது. 1980களில் கீனி மீனி சேர்விஸஸ் என்ற பிரித்தானியத் தனியார் கம்பனி இங்கே வந்து விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சியளித்தது. பில் மில்லர் 2020இல் எழுதிய நூல் அதைப் பற்றியது. கிழக்கில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதிரடிப்படையைத் தெரியும். கம்பனியின் பெயர் தெரியாது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நமது நாட்டின் ஓய்வுபெற்ற படையினர் பலர் ரஷ்ய - உக்ரைன் போர்க்களத்துக்குப் போனார்கள். சண்டைக்கு அல்ல, உதவி வேலைக்கு என்று முகவர்கள் சொல்லி அனுப்பி, முன்னரங்கில் விடப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. சொன்ன சம்பளம் வராதவர்களும் உண்டு. மையித்தும் திரும்பாத வீடுகளும் உண்டு. அகராதிப்படி இவர்கள் கூலிப்படை. மாதக் கடைசியில் அரிசிக்கடைக் கொப்பியைப் பார்த்துப் போனவனுக்கும், அவன் தலைக்கு ஒரு விலை பேசித் தரகு எடுத்தவனுக்கும் ஒரே சொல்லா?

நம் வாயில் இந்தச் சொல்

இதுவரை வரலாறு. ஆனால் இந்தச் சொல் நம்மைச் சுட்ட நாட்களும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் வடக்கு கிழக்கில் முஸ்லிம்களை ‘அரசின் கைக்கூலிகள்’ என்று பேசும் வழக்கம் பரவியது. ஊர்காவல் படையில் சேர்ந்த பொடியன்மார் சிலர் கையில் அரசு துப்பாக்கியைக் கொடுத்திருந்தது. அவர்களில் தவறு செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் வசை அவர்களோடு நிற்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களுக்கும், ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எந்தக் கூலியும் யாரும் கொடுத்திருக்கவில்லை. ஒரு சமூகத்துக்கு மொத்தமாக அந்தப் பெயரை ஒட்டிவிட்டால், அதற்குப் பிறகு ஆள்வாரியாக விசாரிக்கத் தேவையில்லாமல் போகிறது.

அந்த வலியை அனுபவித்த நாமே இன்று அதே சொல்லை எடுத்து வீசுகிறோம். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று ஒரு பெண் பேசினால், அவள் முன்வைத்த விஷயத்துக்குப் பதில் இல்லை. “வெளிநாட்டுக் காசு, என்ஜிஓக்காரி, மேற்கின் கைக்கூலி” என்ற பதில் உடனே வருகிறது. சிறுகதை எழுதுபவருக்கும் இதுதான் நடக்கிறது. கதை நன்றாயிருக்கிறதா, சொல்வது உண்மையா என்ற விமர்சனம் எழாமல், யார் எழுதச் சொன்னது என்ற துப்பறிதல் எழுகிறது. அதே நேரம், வெளியீட்டு விழாவில் புரவலருக்காகப் பொய்யாகப் புகழ்ந்துவிட்டு இறங்கும் விமர்சகரை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. கூலித்தனம் என்றால் அதுவல்லவா கூலித்தனம்? அவர் வாங்கியது பொன்னாடையாக இருந்தாலும் விற்றது தன் வார்த்தையைத்தானே.

கடைசியாக, நாம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் அந்தக் கைக்கூலி. பெண்ணுக்கு மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் அவளுடைய வாப்பாவிடம் ரொக்கம் வாங்குகிறான். அதற்கு நம் முன்னோர் தேடி வைத்த பெயர் கைக்கூலி. பழைய தமிழில் அதற்கு இலஞ்சம் என்ற பொருளும் உண்டு. மாப்பிள்ளையின் வலிமைக்கா, நம்பகத்தன்மைக்கா அந்தக் கூலி? வெளிநாட்டில் மகன் உழைத்த காசு சகோதரியின் கைக்கூலிக்குப் போய்ச் சேர்வதை நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பாலைவனத்தில் வியர்வை உலராதவனின் கூலி, வியர்வையே சிந்தாதவனின் கைக்குப் போகிறது. இதற்கு ஊர் ஒன்றும் பெயர் வைத்து ஏசுவதில்லை.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ‘கூலிப்படை’ என்றோ ‘கைக்கூலி’ என்றோ எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கூலியைக் கொடுத்தது யார்? பேசியபடி கொடுத்தாரா? அந்தப் பகை வாங்கியவனுடையதா, கொடுத்தவனுடையதா? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டால் அந்தச் சொல் பல இடங்களில் தேவைப்படாமலே போய்விடும்; தேவைப்படும் இடங்களில் சரியான ஆள்மீது போய் நிற்கும். அதோடு ஒரு வேலையும் பாக்கியிருக்கிறது. ஜாவி படிக்கத் தெரிந்தவர்களும் மலாய் தெரிந்த நம் சகோதரர்களும் இன்னும் இருக்கும் காலத்திலேயே, பாபா யூனுஸ் சல்தீனின் ஷாயிர் நல்ல தமிழில், குறிப்புகளோடு, நம் பாடசாலை நூலகங்களுக்கு வரவேண்டும். கொம்பனித்தெருவின் அந்தப் பெரியவர் தன்னையும் தன் மக்களையும் என்ன பெயரால் அழைத்தார் என்பதை நம் பிள்ளைகள் அவருடைய வாயாலேயே கேட்கட்டும்.